நன்னூலுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புத்தகம்

சில மாதங்களாகவே இதை எழுத வேண்டும் என்றோர் எண்ணம். எழுதத் தொடங்கியதும் கூச்சம் வந்து தடுத்துவிடும். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக நன்னூலும் தொல்காப்பியமும் நடத்துகிற ஒருவர், நாற்பதாவது வயதில், யாருக்கும் தெரியாமல் ஆங்கில இலக்கணத்தை முதற்பாடத்திலிருந்து படித்த கதையைச் சொல்வதென்றால் கூச்சம் இராதா? ஆயினும் நண்பர்கள் கூடிய இடம் இது. இங்குச் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது?

தொடங்குமுன் ஒரு சிறு விளக்கம். கட்டுரை எழுதும்போது 'நான்' என்று எழுத நமக்குக் கை வருவதில்லை. முதுகலையில் நமக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்கள் 'நாம்' என்றே எழுதினார்கள். அவர்களிடமிருந்து தொற்றிய பழக்கம். இந்த 'நாம்' குறித்தே பின்னால் சொல்ல ஒரு செய்தி உண்டு. ஆகவே இப்போதைக்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்க.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நம் கல்லூரியில் சங்க இலக்கியம் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்திருந்தார். தமிழ் படிக்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. குறுந்தொகையில் ஒரு பகுதியை அகராதி வைத்துக்கொண்டு படித்திருந்தார். உணவு இடைவேளையில் இலைக்கு எதிரே அமர்ந்தவர், சாம்பாரின் காரத்தில் கண் கலங்கியபடியே, மெதுவான ஆங்கிலத்தில் நம்மிடம் ஒன்று கேட்டார். இந்தப் பாடல்களில் காதலனுக்கும் காதலிக்கும் ஏன் பெயரே இல்லை என்பது அவர் கேள்வி.

கேள்வி நமக்குப் புரிந்தது. விடை, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியது. அன்பின் ஐந்திணையில் தலைமக்கள் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்து அகத்திணையியல் விதிக்கிறது. பெயர் வந்துவிட்டால் அந்தக் காதல் ஒரு தனிமனிதரின் வரலாறாகிவிடும். பெயர் இல்லாதவரைதான் அது படிக்கிற எல்லாருக்கும் உரியது. இந்த மரபு எவ்வளவு கடுமையானது என்பதற்கு நெடுநல்வாடையைச் சான்று காட்டலாம். பிரிந்த தலைவியின் துயரைச் சொல்லும் அப்பாட்டில் அரசன் பெயர் எங்கும் இல்லை. வேலில் வேம்பு சூட்டியிருக்கும் செய்தி மட்டும் வருகிறது. வேம்பு பாண்டியர்க்கு அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளத்தைக் கொண்டே அது புறம் என்று நச்சினார்க்கினியர் கொண்டார். வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது மணி அடித்தாலும் மாணவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் நெஞ்சில் வரிசையாக நின்றது. ஆங்கிலத்தில் முதல் சொல் வரவில்லை. 'தொல்காப்பியம் சேஸ்' என்று தொடங்கினோம். சொல்கிறது என்பதா, சொன்னது என்பதா, சொல்லியிருக்கிறது என்பதா? 'பெயர் சுட்டக் கூடாது' என்பதில் வரும் அந்தக் 'கூடாது' ஆங்கிலத்தில் எது? எண்ணிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் இருந்த ஆங்கிலத்துறை இளம் விரிவுரையாளர் நம் சங்கடத்தைப் பார்த்து உதவிக்கு வந்தார். ஏடுகளைப் பெயர்த்து எழுதிய காலத்தில் பெயர்கள் விடுபட்டிருக்கலாம் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். அவர் மீது குற்றமில்லை. அவருக்குத் தெரிந்த ஊகம் அது, நல்லெண்ணத்தோடு சொன்னார். அம்மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சரிதானா என்பதுபோல் நம்மைப் பார்த்தார்.

நாம் தலையை ஆட்டினோம். 'எஸ்' என்றும் சொன்னோம்.

அன்று இரவு வீடு திரும்பும் பேருந்தில், ஆங்கிலம் பேச வராததற்காக நாம் வெட்கப்படவில்லை. அது பழகிய குறை. மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கில எழுத்தைக் கண்டவர்கள் நாம். இளங்கலையில் பகுதி இரண்டு ஆங்கிலத்தை நோட்ஸ் வாங்கி, கட்டுரைகளை வரி மாறாமல் உருப்போட்டுத் தேறியவர்கள். நாம் நெட் தேர்வு எழுதிய காலத்தில் முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகி வரும். அதையும் பாதி புரிந்தும் பாதி குத்துமதிப்பாகவும் எழுதித் தேறினோம். ஆனால் அந்த 'எஸ்' அப்படிப்பட்டதன்று. பொய் என்று தெரிந்த ஒன்றுக்கு, அதுவும் நம் பாடத்தில், நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து குறுந்தொகையைத் தேடி வந்த ஒருவர், அந்தப் பொய்யை எழுதி எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

அந்தக் கோடை விடுமுறையில் பரணிலிருந்து ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலை எடுத்தோம். முதுகலை படிக்கும்போது வாங்கியது. 1930களில் ரென், மார்ட்டின் என்ற இருவர் எழுதி, பின்னர் பிரசாத ராவ் திருத்தியமைத்து, இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய புத்தகம். தமிழ் படித்தவர்களுக்கு அதன் நடை ஒருவகையில் உவப்பானது. முதலில் விதி, அடுத்து எடுத்துக்காட்டு, பிறகு புறனடை. நூற்பாவும் காண்டிகையுரையும் போலவே இருக்கும். நாமும் விதிகளை உருப்போட்டோம். இரண்டு மாதத்தில் எந்தச் சொல் எந்த வகை என்று பகுத்துக் காட்ட வந்துவிட்டது. ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத வரவில்லை. மேலும் பயிற்சிகளுக்கான விடைகள் தனிப் புத்தகமாக விற்கப்படுபவை. நம்மிடம் அது இல்லை. தவறா சரியா என்று சொல்ல ஆளில்லாமல் பயிற்சி எழுதுவது, கிணற்றுக்குள் பேசுவது போல. நம் குரலே நமக்குத் திரும்பி வரும்.

பிறகு ஒருநாள் திருச்சியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ரேமண்ட் மர்ஃபி எழுதிய 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பதிப்பகம் 1985இல் முதலில் வெளியிட்ட நூல். நமக்குக் கிடைத்தது 2004இல் வந்த மூன்றாம் பதிப்பு, நீல அட்டை. ஆசிரியர் இல்லாமல் தாமே படிப்பவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 145 பாடங்கள். ஒவ்வொரு பாடமும் எதிரெதிர் இரண்டு பக்கம். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, நூலின் இறுதியில் விடை. அவ்வளவுதான் அமைப்பு. முன்பு வைத்திருந்தவர் முதல் சில பாடங்களுக்குப் பென்சிலால் அழகாக விடை எழுதியிருந்தார். இருபதாம் பாடத்தை ஒட்டிப் பென்சில் நின்றுவிட்டது. அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளையாக இருந்தது. அவரும் நம்மைப் போல யாரோ. அவர் நின்ற இடத்தைத் தாண்டியாவது போக வேண்டும் என்று அன்றே ஒரு வைராக்கியம் பிறந்தது.

புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டோம். மேலே 'யாப்பருங்கலக்காரிகை' என்று எழுதி ஒட்டினோம். துறை அறையில் நன்னூலுக்குப் பக்கத்தில் அது இருந்தால் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். காரிகையைத் தாமாக எடுத்துப் பார்க்கும் அளவுக்கு நாடு இன்னும் திருந்திவிடவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு, அடுப்பில் இட்லிப் பானை ஏறும் முன், நாளுக்கு ஒரு பாடம். சில நாட்களில் அரைப் பாடம். உலையும் குக்கர் விசிலும் நடுவே புகுந்து இடைப்பிறவரலாக நிற்கும். முதல் மாதம் முழுதும் சினமே மிஞ்சியது. தமிழில் மூன்றே காலம்; இங்கே எத்தனை வாய்பாடு! 'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' இரண்டுமே பார்த்தேன்தானே? எதற்கு இரண்டு?

ஒருநாள் காலையில் மாமியார் வாசலிலிருந்து, "பால்காரன் வந்துட்டுப் போயிருக்கான் போல, பாக்கெட் கிடக்கு" என்றார். கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றது. வந்தான் என்று அவர் சொல்லவில்லை. வந்ததைக் கண்டவர் அல்லர். வந்ததன் விளைவு இப்போது வாசலில் கிடக்கிறது. 'வந்திருக்கிறான்' என்பதில் 'வந்து' கடந்துபோனது, 'இருக்கிறான்' இப்போது நிற்கிறது. கடந்த செயலை நிகழ்காலத்தோடு கட்டிவைக்கும் அதே வேலையைத்தான் 'ஹேவ்' செய்கிறது. நம் வாயில் நாள்தோறும் புழங்கும் வடிவம். நன்னூலார் காலம் மூன்று என்று சொன்னதை நாம் அப்படியே ஒப்பித்து வந்தோமேயன்றி, வீட்டில் பேசும் வினைகளை உட்கார்ந்து கேட்டதில்லை.

ஆனால் ஒப்புமை முழுமையானதன்று, அங்கேதான் வழுக்குகிறது. 'நேற்று வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். நேரில் காணாமல் அடையாளம் கண்டு உணர்ந்தேன் என்ற குறிப்பு அதில் இருக்கும். ஆங்கிலத்தில் 'ஹேவ்' வந்தால் 'யெஸ்டர்டே' வரக் கூடாது. காலத்தைக் குறித்துவிட்டால் செயலைக் கடந்தகாலத்திலேயே விட்டுவிட வேண்டும். நம்மவர்கள் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று சொல்வது அறியாமை என்று நினைத்திருந்தோம். தம் மொழியில் சரியாக இருப்பதை அப்படியே எடுத்துப் போகிறார்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று.

அடுத்த மலை 'தி'. நூலில் பத்துக்கும் மேற்பட்ட பாடங்கள் இந்தச் சிற்றிடைச்சொற்களுக்கே போய்விடுகின்றன. தமிழில் இதற்கு நிகர் இல்லை என்றே எல்லாரும் சொல்வார்கள். நாமும் அப்படித்தான் நம்பினோம். ஒருநாள் வகுப்பில் இரண்டாம் வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தோம். 'புத்தகம் வாங்கினேன்' என்பது தொகை, 'புத்தகத்தை வாங்கினேன்' என்பது விரி, பொருள் ஒன்றே என்று வழக்கம்போல் கரும்பலகையில் எழுதினோம். எழுதியதும் ஐயம் வந்தது. பொருள் ஒன்றுதானா? புத்தகம் வாங்கினேன் என்றால் ஏதோ ஒரு புத்தகம். புத்தகத்தை வாங்கினேன் என்றால், உனக்கும் எனக்கும் தெரிந்த, முன்பே பேசிக்கொண்ட அந்தப் புத்தகம். அஃறிணைப் பெயரில் 'ஐ' வருவதும் மறைவதும் பொருளைச் சுட்டுவதற்கும் சுட்டாமைக்கும் என்றால், 'தி' செய்கிற வேலையில் ஒரு பங்கை நம் 'ஐ' ஓசையில்லாமல் செய்துவருகிறது. இருபது ஆண்டுகளாக இதே எடுத்துக்காட்டை எழுதி அழித்திருக்கிறோம். கண்ணில் படவில்லை. ஓர் அயல்மொழிப் புத்தகம் வந்து காட்ட வேண்டியிருந்தது. அன்று வகுப்பில் 'பொருள் ஒன்றே' என்று எழுதியதை அழித்தோம். மாணவர்கள் தம் குறிப்பேட்டிலும் அழித்தார்கள்.

'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும் நம்மை அழவைத்தபோது, நன்னூலே ஆறுதல் சொன்னது. ஏழாம் வேற்றுமைக்கு அந்நூல் தரும் உருபுகள் 28. கண், கால், கடை, இடை என்று அவற்றை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற நாம், மூன்று சொல்லுக்காக முறையிடலாமா? நான்காம் வேற்றுமையின் 'கு' ஒன்றே ஒன்றுதான். இரவலனுக்குப் பொன் கொடுக்கவும் அதுவே, பாம்புக்குக் கீரி பகை என்னவும் அதுவே. கொடையும் பகையும் ஓருருபில் வருவதைத் தமிழ் கற்கும் அயலார் எத்தனை பேர் நொந்துகொண்டிருப்பார்கள்! நூலின் இறுதியில் வினையோடு சிறு சொல் ஒட்டி வேறு பொருள் தருபவை ஒன்பது பாடங்கள் வருகின்றன. அவற்றோடு மல்லுக்கட்டிய நாட்களில், முற்படு, தலைப்படு, உட்படு, ஏற்படு, புறப்படு என்று நம் 'படு' ஒன்றை எழுதிப் பார்த்தோம். நாம் பட்ட பாடு பெரிதன்று என்று தோன்றியது.

இவ்விடத்தில் வீரமாமுனிவரையும் போப்பையரையும் நினையாமல் இருக்க முடியவில்லை. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பேச்சுத்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738இல் அது தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 1839இல் தமிழகம் வந்த போப், ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கென்றே பாடம் பாடமாகப் பிரித்துக் கைந்நூல் செய்தார். பின்னர் திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் தந்தார். அவர்கள் தமிழ்த்தொண்டைப் பற்றி மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். 'கு' எங்கே வரும், 'ஐ' எங்கே வரும் என்று ஒரு காலத்தில் அவர்களும் விழித்திருப்பார்கள்; தம் மாணாக்கரை விடச் சிறிய பிள்ளைகள் தம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அந்தப் பகுதியை மேடையில் நாம் பேசியதே இல்லை.

இரகசியம் இரண்டாம் ஆண்டில் உடைந்தது. மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், யாப்பில் தேர்வு என்று நம் மேசையிலிருந்த 'காரிகை'யை எடுத்துப் பிரித்துவிட்டான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தமிழம்மா, நீங்களுமா?" என்றான். அந்த 'உம்'மை எச்சவும்மை. அவனும் எங்கோ ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது அதில் இருந்தது. போட்டித் தேர்வுக்கான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை விடுதிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தானாம். ஆங்கிலத்துறையில் போய்க் கேட்பதுதானே என்றோம். "கேட்கிறதுக்கே இங்கிலீஷ் வேணுமேம்மா" என்றான்.

அடுத்த வியாழன் மாலை அவன் மூவரோடு வந்தான். பிறகு ஒன்பது பேர் ஆனார்கள். முந்தைய நாள் நாம் படித்ததை மறுநாள் அவர்களுக்குச் சொன்னோம். அதற்குமேல் நம்மிடம் சரக்கு இல்லை என்பதையும் சொன்னோம். 'டிட் நாட் வென்ட்' என்று எல்லாரும் எழுதினார்கள். சிவப்பு மையால் அடிப்பதற்கு மாறாக, "'போனவில்லை' என்று நீங்கள் யாராவது சொல்வீர்களா?" என்று கேட்டோம். சிரித்தார்கள். போகவில்லை என்பதில் 'போக' என்பது காலம் காட்டாத எச்சம். எதிர்மறையை 'இல்லை' தாங்குகிறது. அங்கே 'டிட்' காலத்தைச் சுமந்துவிட்டது. பிறகு 'கோ' எதற்காக அதே சுமையைத் தூக்க வேண்டும்? அந்த மாலைக்குப் பிறகு அந்தப் பிழை அவர்களிடம் அரிதாகிவிட்டது. 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்பதைக் கொண்டு, ஆங்கிலத்தில் எல்லாரும் அஞ்சும் நிறைவேறாத நிபந்தனை வாக்கியத்தை ஒரே மாலையில் முடித்தோம். இருந்தால், இருப்பேன், 'ஹேட்', 'வுட் ஹேவ்'. தமிழ் நன்றாகத் தெரிந்தவனுக்கு வேற்று மொழி கற்பதில் ஒரு கைவிளக்கு இருக்கிறது. அதை அணைத்துவிட்டு இருட்டில் நட என்று அவனிடம் சொல்லாதிருந்தால் போதும்.

கருத்தரங்கில் நமக்கு உதவிய ஆங்கிலத்துறை நண்பரும் ஒரு வியாழன் வகுப்பை எட்டிப் பார்த்தார். நம் உச்சரிப்பில் நான்கு பிழைகளை வெளியே வந்து தனியாகச் சொன்னார். அப்போதுதான் பெயர் சுட்டா மரபை அவருக்குச் சொன்னோம். முகம் வாடிவிட்டது. "அன்னைக்கே என்னைத் திருத்தியிருக்கலாமே மேடம், தமிழ்லயாவது சொல்லியிருந்தா நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பேனே" என்றார். இவ்வளவு எளிய வழி அன்று நமக்குத் தோன்றவே இல்லை. மூன்றாண்டு இலக்கணம் படித்து அடைய நினைத்ததை, அன்று பக்கத்திலிருந்தவரிடம் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி முடித்திருக்கலாம். நாணம் மனிதரின் தாய்மொழியையும் சேர்த்தே பறித்துக்கொள்கிறது.

2020இல் பொதுமுடக்கம் வந்து கல்லூரி பூட்டிக்கிடந்த மாதங்களில் 145ஆம் பாடத்தை முடித்தோம். பென்சில் நின்ற இடத்தைக் கடந்து வெகுநாள் ஆகியிருந்தது. இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கருத்தரங்கின் பதிவேட்டிலிருந்து அம்மாணவியின் மின்னஞ்சல் முகவரியைக் கண்டெடுத்துக் கடிதம் எழுத அமர்ந்தோம். தொல்காப்பியர் விதி, நெடுநல்வாடையின் வேம்பு, அன்று நாம் தவறாகத் தலையாட்டியது. எல்லாம் ஒரு பக்கம். எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று.

காலமும் 'தி'யும் அவ்வளவாகத் தொல்லை தரவில்லை. தடுத்தது 'வீ' என்ற ஒரு சொல். 'அகப்பாட்டில் காதலர்க்கு நாம் பெயர் இடுவதில்லை' என்று எழுத வேண்டும். நாம் என்பதா, நாங்கள் என்பதா? தமிழில் எழுதினால் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். நாங்கள் என்றால் தமிழர்களாகிய நாங்கள். நீங்கள் புறத்தே நிற்கிறீர்கள். நாம் என்றால் நீங்களும் நானும், இப்பாடல்களைப் படிக்கிற எல்லாரும். முன்னிலையாரைத் தன்னோடு உளப்படுத்துவதா இல்லையா என்பதற்குப் பழைய தமிழ் வினை விகுதியிலேயே வேறுபாடு வைத்திருந்தது. அம், ஆம் ஒரு பக்கம், எம், ஏம் ஒரு பக்கம் என்று நன்னூலார் பிரித்துச் சொல்கிறார். ஆங்கிலத்தின் 'வீ' இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எல்லாரையும் ஒரு சொல்லுக்குள் விட்டுவிட்டு, யார் உள்ளே யார் வெளியே என்பதைக் கேட்பவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. முதலில் இதை ஒரு குறை என்றே எண்ணினோம். பிறகு, அந்த மங்கலே இவ்விடத்துக்குப் பொருந்தும் என்று 'வீ' என்றே எழுதி அனுப்பினோம். அகப்பாட்டுப் பெயரின்றி விட்டுவைத்ததும் அப்படி ஓர் இடத்தைத்தானே?

மூன்று வாரம் கழித்து விடை வந்தது. பெயர் சுட்டா மரபை அவர் மறு ஆண்டே தம் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டாராம். ஆகவே நாம் அஞ்சிய தீங்கு நிகழவில்லை. ஆனால் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாராம். அன்று எழுதிக்கொண்ட அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருந்ததாம். 'நீங்கள் ஆம் என்று சொன்னீர்கள். உங்கள் முகம் சொல்லவில்லை. அதனால் போட்ட குறி' என்று எழுதியிருந்தார். மூன்றாண்டுகள் நம்மை உறுத்திய அந்தத் தலையாட்டலை, அவர் நம்பவே இல்லை!

கடிதம் ஆங்கிலத்தில். கடைசி இரண்டு வரி மட்டும் தமிழில் தட்டச்சு செய்திருந்தார். 'நாம் இதைப் பற்றி மேலும் பேச வேண்டும். நாம் இங்கே ஆறு பேர் சேர்ந்து குறுந்தொகை வாசிக்கிறோம்.'

முதல் வரியில் 'நாம்' சரி. இரண்டாம் வரியில் 'நாங்கள்' என்றல்லவா இருக்க வேண்டும்? அங்கே வாசிக்கும் ஆறு பேரில் நாம் இல்லையே. தன்மைப் பன்மையில் உளப்பாட்டு வழு. இருபதாண்டுப் பழக்கம், சிவப்பு மையைத் தேடிக் கை நீண்டது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தமிழ் கற்கும்போது முதலில் இடறும் இடம் இதுவாகத்தான் இருக்கும். வேண்டுமென்றே எழுதினாரா, 'வீ'யை அப்படியே பெயர்த்தாரா என்பது தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை, திருத்தவும் இல்லை.

அடுத்த மாதம் அந்த ஆறு பேர் இணையவழி கூடும் நாளில், ஏழாவதாக நாமும் போய் அமர்ந்தோம். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓரிடத்தில் 'ஹேவ்' போட்டு 'யெஸ்டர்டே'வும் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய வாக்கியம் அன்றைக்குச் சரியாகிவிட்டது.